சிங்கப்பூரில் சாரத்திலிருந்து விழுந்த தம்பி: டிக்கெட் வாங்குவதற்கு முன்னால்

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது: “என் தம்பிக்கு 31 வயது. சிங்கப்பூரில் கட்டட வேலை, வொர்க் பெர்மிட். மூன்று வாரத்துக்கு முன்னால் சாரத்தின் இரண்டாவது தட்டிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டும் கணுக்காலும் முறிந்துவிட்டன. ஆபரேஷன் முடிந்து டார்மெட்டரியில் படுத்திருக்கிறான். ‘சேஃப்டி பெல்ட் மாட்டாதது உன் தப்பு, ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா, டிக்கெட் போட்டுத் தருகிறோம்’ என்று கம்பெனியில் சொல்கிறார்களாம். ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் பாதி அப்படியே நிற்கிறது. நஷ்டஈடு கேட்டால் பெர்மிட்டை கட் பண்ணிவிடுவார்கள் என்று பயப்படுகிறான். அவன் தப்பு என்றால் ஒன்றும் கிடைக்காதா? வக்கீல் வைக்க வேண்டுமா?”

சகோதரி, மற்றதைப் பிறகு பார்ப்போம். தம்பி இப்போது விமானம் ஏற வேண்டாம். இன்றே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்வதற்குச் சண்டை எதுவும் போட வேண்டியதில்லை. “டாக்டர் அடுத்த அப்பாயின்ட்மென்ட் கொடுத்திருக்கிறார், அதை முடித்துவிட்டுச் சொல்கிறேன்” என்றால் போதும்.

நான் சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் பதினெட்டு வருடம் இருந்தவன். சாதாரண ஆளாகப் போய், கடைசி ஏழு வருடம் சேஃப்டி வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிபட்ட தம்பிகளோடு ஆஸ்பத்திரிக்கும் மனிதவள அமைச்சு அலுவலகத்துக்கும் போய் வருவேன். அதில் தெரிந்துகொண்டது ஒன்றுதான். அங்கே சட்டம் தொழிலாளிக்கு எதிரானது அல்ல. பெரும்பாலானவர்கள் பணத்தை இழப்பது முதல் சில வாரங்களில் வாய் திறக்காததாலும், காகிதங்களைச் சேர்த்து வைக்காததாலும்தான். தம்பிக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. இன்னும் எல்லாமே கையில் இருக்கிறது.

“அவன் தப்பு என்றால்?” என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் தம்பியைப் பேசவிடாமல் வைத்திருப்பது அதுதான். சிங்கப்பூரில் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘விக்கா’ என்பார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2019-இல் நிறைவேறி 2020 செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம். இதன்படி இழப்பீடு வாங்க முதலாளி தப்பு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தொழிலாளியின் கவனக்குறைவால் நடந்ததா என்பதும் கேள்வி இல்லை. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக அடிபட்டதா? அவ்வளவுதான் பார்ப்பார்கள். குடித்துவிட்டு வேலை செய்தது, தானே தன்னைக் காயப்படுத்திக்கொண்டது, அடிதடியில் இறங்கியது மாதிரியான சில விஷயங்களுக்குத்தான் விலக்கு. பெல்ட்டைக் கொக்கி மாட்டாமல் நின்றது அந்தப் பட்டியலில் இல்லை. “உன் தப்பு” என்று சூப்பர்வைசர் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், தம்பியின் உரிமையை அது ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வோம்) குறைக்காது.

இந்திய பாஸ்போர்ட், வொர்க் பெர்மிட், குறைந்த சம்பளம் என்பதெல்லாம் ஒரு தடையும் இல்லை. வேலை ஒப்பந்தத்தின் கீழ் இருக்கும் எல்லாத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். வீட்டுப் பணிப்பெண்களும் சொந்தத் தொழில் செய்பவர்களும் இதில் வர மாட்டார்கள். உடலுழைப்பு வேலை செய்கிறவர்களுக்கு, சம்பளம் எவ்வளவானாலும், கம்பெனி கட்டாயம் இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் இருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். ஆகவே தம்பிக்கு வர வேண்டிய பணத்தைப் பொதுவாக முதலாளி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை, இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்கிறது. இதைத் தெரிந்துகொண்டாலே தம்பிகளுக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது. “இவ்வளவு நாள் சோறு போட்ட முதலாளியிடம் எப்படிக் கேட்பது?” என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

சரி, இன்சூரன்ஸ் கொடுக்கிறதென்றால் கம்பெனி ஏன் ஊருக்கு அனுப்பப் பார்க்கிறது? விபத்து பதிவானால் விசாரணை வரலாம், வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு வரலாம், அடுத்த வருடம் பிரீமியம் ஏறும், மெயின்கான், அதாவது வேலையை மொத்தமாக எடுத்திருக்கும் பெரிய கம்பெனி, முகம் சுளிக்கும். அதனிடம் வேலை வாங்கிச் செய்யும் சின்ன சப்கான் கம்பெனிக்கு இதெல்லாம் பெரிய தலைவலி. அதனால் விபத்தே நடக்காத மாதிரி முடித்துவிடப் பார்ப்பார்கள். எல்லாக் கம்பெனியும் அப்படி என்று சொல்லவில்லை. அடிபட்டவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, அன்றைக்கே அமைச்சுக்கு அறிவித்து, வார்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்த முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் முறிந்த காலோடு டிக்கெட்டை நீட்டுகிற இடத்தில் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, விபத்து அமைச்சில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலையிடக் காயத்துக்காக டாக்டர் ஒரு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தாலும், லைட் டூட்டி (இலகுவான வேலை மட்டும்) என்று எழுதினாலும், கம்பெனி மனிதவள அமைச்சுக்கு 10 நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும். தம்பி விழுந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, எனவே அந்தக் கெடு தாண்டிவிட்டது. கம்பெனியிடம் “ரிப்போர்ட் பண்ணிவிட்டீர்களா? நம்பர் கொடுங்கள்” என்று வாட்ஸ்ஆப்பில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும், கேட்டது அங்கே இருக்கும். கம்பெனி அறிவிக்காவிட்டால் தொழிலாளியே அமைச்சில் அறிவிக்கலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவருக்கான கெடு.

இந்த ஒரு வருடத்தைப் பற்றி என் கதையையே சொல்கிறேன். 2009-இல் கான்கிரீட் வார்க்கும் பலகை இறக்கும்போது என் இடது கை மோதிரவிரல் இரண்டு பலகைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. ரத்தம் சொட்டச் சொட்ட லாரியில் ஏற்றி ஒரு சின்ன கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். கூட வந்த சூப்பர்வைசரே டாக்டரிடம் பேசினார், எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. இரண்டு நாள் எம்சி. மூன்றாம் நாள் தளத்துக்குக் கூப்பிட்டு ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டேன். “அடுத்த மாதம் பார்த்துச் செய்கிறோம்” என்று பாஸ் சொன்னார். நம்பினேன். விரல் ஆறியது, ஆனால் மேல் கணு மடங்கவே இல்லை. இன்றைக்கும் சட்டைப் பொத்தானைப் போடும்போது அந்த விரல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். பதினாலு மாதம் கழித்து வேறு கம்பெனி நண்பன் ஒருவன், “உனக்கு இதற்குப் பணம் வந்திருக்குமே” என்றான். கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என்னிடம் இருந்த ஒரே காகிதம் அந்த இரண்டு நாள் எம்சி சீட்டு. அதிலும் எப்படி அடிபட்டது என்று ஒரு வார்த்தை இல்லை.

அதனால்தான் காகிதம் காகிதம் என்று அடித்துக்கொள்கிறேன். தம்பியின் டிஸ்சார்ஜ் சீட்டில், எப்படி அடிபட்டது என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வேலையிடத்தில் உயரத்திலிருந்து விழுந்தார் என்று இருக்க வேண்டும். நான் கூடப் போன ஒரு கேஸில், மூன்றாவது மாடியின் திறப்பில் விழுந்த பையனுக்கு ‘டார்மெட்டரி குளியலறையில் வழுக்கி விழுந்தார்’ என்று பதிவாகியிருந்தது. கூட வந்தவர் சொன்னதை நர்ஸ் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த ஒரு வரியைச் சரிசெய்ய ஐந்து மாதம் ஆனது. அதுவும் அவன் விழுந்த சில நிமிடங்களில் கூட வேலை செய்தவன் எடுத்த ஒரு போட்டோ இருந்ததால்தான். ஹெல்மெட் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம், மேலே மூடாத அந்தத் திறப்பு. தம்பியின் சீட்டில் தப்பாக எழுதியிருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டிலேயே டாக்டரிடம் “நான் சாரத்தில் இருந்து விழுந்தேன், சைட்டில், இந்தத் தேதியில்” என்று சொல்லிப் பதியச் சொல்ல வேண்டும். மொழி வரவில்லை என்றால் தமிழில் பேச ஆள் கேட்கலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழி, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசுகிற நர்ஸ்கள் நிறைய இருக்கிறார்கள். முதலாளியின் ஆள் மட்டும் மொழிபெயர்க்க விட வேண்டாம்.

இன்னொன்று, கம்பெனி ஏதாவது ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து கேட்டால் படிக்காமல் போடக்கூடாது. “என் கவனக்குறைவால் விழுந்தேன்” என்ற காகிதம் விக்காவை ஒன்றும் செய்யாது, ஆனால் பின்னால் சிவில் கோர்ட்டுக்குப் போக நினைத்தால் கழுத்தைப் பிடிக்கும். “அறையில் விழுந்தேன்” என்ற காகிதம் விக்காவையே குழிதோண்டிப் புதைத்துவிடும். “தமிழ் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்” என்று போனில் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூட வேலை பார்த்தவர்களின் பெயரும் ஊர் போன் நம்பரும் வாங்கி வைக்க வேண்டும். சாட்சி சொல்ல வேண்டிய ஆள் பாதிக் கேஸில் பெர்மிட் முடிந்து ஊருக்கு வந்துவிடுவார், சிங்கப்பூர் நம்பர் அப்போது வேலை செய்யாது.

இனி பணம். விக்காவில் மூன்று வகையாக வரும்.

முதலாவது எம்சி காலச் சம்பளம். ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் முதல் 60 நாள் வரைக்கும், வெளிநோயாளி எம்சி என்றால் 14 நாள் வரைக்கும் முழுச் சம்பளம். அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஒரு வருடம் முடியும் வரை. லைட் டூட்டி கொடுத்துச் சம்பளத்தைக் குறைத்தாலும் அதே கணக்கில் ஈடுகட்ட வேண்டும். இதை எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லக்கூடாது, வழக்கமான சம்பள நாளில் தர வேண்டும். தம்பிக்கு இந்த மாதச் சம்பளம் வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அதுவே தனியாக ஒரு புகார்.

இரண்டாவது வைத்தியச் செலவு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்திலிருந்து ஒரு வருடம் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை. தம்பியின் ஆபரேஷன், பிசியோதெரபி, எலும்பில் வைத்த பிளேட் எடுப்பது எல்லாம் இதில்தான் வரும். ஊருக்கு வந்துவிட்டால் பிசியோவுக்கும் எக்ஸ்ரேவுக்கும் நீங்கள்தான் கைக்காசு போட வேண்டியிருக்கும். புதுக்கோட்டையில் வாங்குகிற மெடிக்கல் சீட்டுக்கு அங்கே எம்சி சம்பளம் தொடரும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம்.

மூன்றாவதுதான் பெரியது, நிரந்தர ஊனத்துக்கான ஒட்டுமொத்தத் தொகை. ஊனம் என்றால் கை கால் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மணிக்கட்டு முன்னைப்போல் மடங்கவில்லை, பிடிமானம் குறைந்துவிட்டது, கணுக்கால் முழுதாகத் திரும்பவில்லை என்றாலே டாக்டர் ஒரு சதவீதம் போடுவார். சராசரி மாதச் சம்பளத்தை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கி, அதில் அந்தச் சதவீதத்தை எடுப்பார்கள். 40 வயது வரை அந்த எண் 181. முழு ஊனத்துக்கான தொகை 1,16,000 வெள்ளிக்குக் குறையாமலும் 3,46,000 வெள்ளிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும் என்பது 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கான வரம்பு. அதற்கு முந்தைய விபத்தென்றால் 97,000-இலிருந்து 2,89,000 வரை.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். தம்பியின் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 600 வெள்ளி, ஓவர்டைமெல்லாம் சேர்த்துச் சராசரியாக மாதம் 1,050 வெள்ளி கையில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் 12 சதவீதம் போடுகிறார் என்றும் ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். 1,050-ஐ 181-ஆல் பெருக்கினால் 1,90,050. அதில் 12 சதவீதம் 22,806 வெள்ளி. பேசிக்கை மட்டும் காட்டினால் 600 பெருக்கல் 181, அதாவது 1,08,600. இது குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போவதால் 1,16,000-ஐ எடுத்துக்கொள்வார்கள், அதில் 12 சதவீதம் 13,920 வெள்ளி. வித்தியாசம் 8,886 வெள்ளி. உங்கள் ஏஜென்ட் கடனில் பெரும் பங்கை அடைக்கக்கூடிய காசு இது. சட்டப்படி ஓவர்டைமும் சராசரிச் சம்பளத்தில் சேரும், விபத்துக்கு முந்தைய 12 மாதத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் பேசிக்கை மட்டும் எழுதி அனுப்புகிற கம்பெனிகளை நிறையப் பார்த்துவிட்டேன். எம்சி சம்பளத்தையும் அதே பேசிக்கில் கொடுப்பார்கள். அதனால் தம்பியின் சம்பளச் சீட்டுகள், பேங்க் கணக்கில் பணம் விழுந்த விவரம், ஓவர்டைம் எழுதிய டைம்கார்டு போட்டோ எல்லாவற்றையும் உங்கள் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். டார்மெட்டரியில் அறை மாற்றும்போது பைகள் காணாமல் போவது சகஜம்.

சதவீதத்தை உடனே போட மாட்டார்கள். காயம் ஓரளவு நிலைப்பட வேண்டும், பொதுவாக விபத்து நடந்து ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பீடு. பிறகு எவ்வளவு தொகை என்று கணக்கீட்டு அறிவிப்பு வரும். கம்பெனி, இன்சூரன்ஸ், தம்பி மூன்று தரப்பும் அதில் சொல்லியிருக்கும் கெடுவுக்குள் ஆட்சேபிக்கலாம். சதவீதம் குறைவு என்று ஆட்சேபித்தால் மருத்துவக் குழு பார்க்கும், கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். அந்த அறிவிப்பு வந்த அன்றைக்கே விவரம் தெரிந்த யாரிடமாவது காட்டிவிட வேண்டும், தலையணைக்கு அடியில் வைக்கிற காகிதம் அல்ல அது.

இப்போது பெர்மிட் விஷயம். உங்களிடம் மறைக்க மாட்டேன். பெர்மிட்டை ரத்து செய்ய கம்பெனியால் முடியும், சிலர் செய்கிறார்கள். ஆனால் பெர்மிட் போனால் கேஸ் போகாது. கேஸ் முடியும்வரை சட்டப்படி அங்கே தங்க அமைச்சு ஸ்பெஷல் பாஸ் கொடுக்கும். சாப்பாடு, தங்குமிடம், வைத்தியம் மூன்றும் ஊருக்கு அனுப்பும்வரை கம்பெனியின் பொறுப்பு, பெர்மிட் விதிகளிலேயே இது இருக்கிறது. கஷ்டம் எங்கே என்றால், ஸ்பெஷல் பாஸில் பொதுவாக வேலை செய்ய முடியாது. எம்சி இருக்கும்வரை எம்சி சம்பளம் வரும். எம்சி முடிந்து, மதிப்பீடு வராமல், நடுவில் தொங்கும் மாதங்கள்தான் மிகவும் கொடுமையானவை. ஊரில் வட்டி ஏறும், வீட்டிலிருந்து போன் வரும், “எப்போதுதான் அனுப்புவாய்?” என்று கேட்பீர்கள். நல்ல கேஸையெல்லாம் அந்த மாதங்களில்தான் தம்பிகள் கைவிட்டு விமானம் ஏறுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அந்த நான்கைந்து மாதம் அவரிடம் பணம் கேட்காமல் இருப்பதுதான். கடன்காரரிடம் நீங்களே போய் நிலைமையைச் சொல்லித் தவணை வாங்குங்கள்.

கட்டாயப்படுத்தி விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனால், குடிநுழைவு (இமிகிரேஷன்) கவுன்டரில் இருக்கும் அதிகாரியிடம் “எனக்கு வேலையிடக் காயக் கேஸ் இருக்கிறது, நான் போக விரும்பவில்லை” என்று சொல்ல வேண்டும். அங்கே சொன்னால் தடுத்து அமைச்சுக்கு அனுப்புவார்கள். இந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், நான் பார்த்த அத்தனை பேரிடமும்.

வக்கீல் கேள்விக்கு வருகிறேன். விக்காவுக்கு வக்கீல் தேவையே இல்லை. வக்கீல் தேவைப்படுவது இரண்டாவது வழிக்கு, அதாவது கவனக்குறைவுக்காகக் கம்பெனி மேலோ மெயின்கான் மேலோ சிவில் வழக்கு போடுவதற்கு. இதற்கு விபத்திலிருந்து மூன்று வருடம் அவகாசம். இதில் மேல்வரம்பு கிடையாது, வலி வேதனைக்கும், வருங்காலச் சம்பாத்திய இழப்புக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தம்பி மேலும் தப்பு இருந்தால் அந்தப் பங்கைக் கழிப்பார்கள். பெல்ட் கேள்வி அங்கேதான் உயிர் பெறும். தோற்றால் செலவும் தலையில் விழும். இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் பணம் வாங்க முடியாது. விக்காவில் பதிவு செய்துவிட்டுப் பின்னால் மனம் மாறினால், கணக்கீட்டு அறிவிப்புக்குப் பிறகு குறிப்பிட்ட கெடுவுக்குள் அதை விலக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். ஆகவே முதலில் விக்காவில் பதிவு செய்வதால் எதுவும் நஷ்டமில்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், தம்பியின் காயத்துக்கு விக்காதான் சரி. முதுகெலும்பு உடைந்து வாழ்நாள் முழுக்கப் படுக்கை, இளம் வயதில் இரண்டு கண்ணும் போனது, அதோடு சாரத்தில் கைப்பிடிக் கம்பியே இல்லை என்று காட்ட போட்டோவும் சாட்சியும் கையில் இருக்கின்றன என்கிற மாதிரி கேஸ்களுக்குத்தான் சிவில் வழக்கை யோசிக்கச் சொல்வேன். தம்பி விழுந்த இடம் எத்தனை மீட்டர் உயரம், கைப்பிடிக் கம்பி இருந்ததா, பெல்ட்டை மாட்ட லைஃப்லைன் கயிறு கட்டியிருந்ததா என்று மட்டும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை என்றால் அங்கே எழுத்து மூலமான வேலை அனுமதி இருந்திருக்க வேண்டும். “பெல்ட் மாட்டவில்லை” என்று சொல்கிறவர்களிடம், மாட்டுவதற்கு என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். லைஃப்லைனே இல்லாத சாரத்தில் பெல்ட் இடுப்பில் தொங்கும் பாரம்தான்.

கம்பெனிக்கு அபராதம் போட்டால் தம்பிக்குப் பங்கு வருமா என்றும் பலர் கேட்பார்கள். வராது. 2004 ஏப்ரல் 20-இல் நிக்கல் நெடுஞ்சாலை சுரங்கப் பணியில் தடுப்புச் சுவர் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அதே வருடம் இன்னும் இரண்டு பெரிய விபத்துகள் நடந்தன. அதற்குப் பிறகு வந்ததுதான் 2006-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அதன்படி ஒரு நிறுவனத்துக்கு முதல் குற்றத்துக்கே 5,00,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகும். பாதுகாப்பை மீறியதற்கான வழக்கு ஒரு பாதை, தம்பியின் இழப்பீடு வேறு பாதை. அமைச்சு கம்பெனியை விசாரிக்கிறது என்று கேட்டு, “நமக்கும் அதிலேயே வரும்” என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

டார்மெட்டரி வாசலிலும் லிட்டில் இந்தியா பக்கமும் “அண்ணே, நல்ல வக்கீல் இருக்கிறார், வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் கொடுத்தால் போதும்” என்று ஒட்டிக்கொள்பவர்கள் வருவார்கள். கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு பேசி வழக்கு நடத்த சிங்கப்பூர் வக்கீல்களுக்கு அனுமதி இல்லை. அப்படிப் பேசுகிறவரிடம் பாஸ்போர்ட்டையோ ஆஸ்பத்திரிக் காகிதத்தையோ கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அரசாங்க இலவசச் சட்ட உதவி அங்கே குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். தம்பி போக வேண்டிய இடங்கள் வேறு. பெண்டிமியர் ரோட்டில் மனிதவள அமைச்சின் சேவை மையம் இருக்கிறது. தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009-இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு 24 மணி நேர உதவி எண் உண்டு. டிடபிள்யூசி2, ஹோம் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் காயக் கேஸ்களில் பல வருடம் பழகியவை, காசு வாங்க மாட்டார்கள். வேலை இல்லாமல் நிற்கும் தொழிலாளிகளுக்கு டிடபிள்யூசி2 லிட்டில் இந்தியாவில் 2008-இலிருந்து இலவசச் சாப்பாடு போட்டது. அந்த மேசையில்தான் பல தம்பிகள் தங்களுக்கும் உரிமை இருக்கிறது என்று முதல் தடவை கேள்விப்பட்டார்கள். வைத்தியத்துக்கும் மனத் தளர்ச்சிக்கும் ஹெல்த்சர்வ் உண்டு. படுத்த படுக்கையாகப் பல வாரம் ஆறடிக் கட்டிலில் கிடந்தால் எவனுக்கும் மனசு உடையும், அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

தளத்துக்குப் போகும் லாரியில் அடிபட்டாலும் இதே சட்டம்தான். கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்து வேலையிட விபத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். தம்பியின் அறை நண்பர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

இன்றைக்கு ராத்திரி தம்பி போன் செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, எப்படி அடிபட்டது என்ற வரியை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். கம்பெனியிடம் ரிப்போர்ட் நம்பர் கேட்டாரா, என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டில் எத்தனை கையில் இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். சீட்டில் ‘டார்மெட்டரி’ என்று இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வரும்வரை காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லுங்கள். ஊன்றுகோலோடு தனியாகப் போக வேண்டாம், அறை நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.